இலையைத் திருப்பிப் பார்த்தீர்களா?

மாடித்தோட்டப் பகுதிக்கு இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி பூச்சியைப் பற்றித்தான். ஆடியில் விதைத்தவர்களுக்கு இப்போது செடி முழங்கால் உயரம் வந்திருக்கும். பகலில் சுட்டெரிக்கிற வெயில், சாயங்காலம் ஒரு மழை, ராத்திரி முழுக்கப் புழுக்கம் என்று சென்னை இருக்கிற இந்த நேரம் பூச்சிகளுக்கு ரொம்பவே தோது. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்து, எல்லாருக்கும் உதவுகிறவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, மாடியில் பைகளில் மிளகாய் வைத்திருக்கிறேன். பூ எடுக்கிற நேரத்தில் இலையெல்லாம் சுருண்டுவிட்டது. பக்கத்து நர்சரியில் கேட்டதற்கு ஊதா நிறக் குருணையைப் பேப்பரில் மடித்துக் கொடுத்து, பைக்கு ஒரு ஸ்பூன் போடச் சொன்னார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் பயமாக இருக்கிறது. போடலாமா?
வாசகி, பெரம்பூர்

போடாதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் அதை உடனே எடுத்து வையுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

நர்சரிகளில் குருணை என்று பொட்டலம் கட்டித் தருவது பெரும்பாலும் கார்போபியூரான். இது மண்ணில் போட்டால் வேர் வழியாக உள்ளே போய், தண்டு, இலை, காய் என்று செடி முழுக்கப் பரவுகிற வகை மருந்து. மேலே தெளித்த மருந்தையாவது ஓரளவு கழுவலாம், இதை எங்கே கழுவுவது? மொட்டை மாடிக்கு வருகிற புறாவும் மைனாவும் குருணையைத் தானியம் என்று நினைத்துக் கொத்திவிட்டால் செத்துவிடும். நம் நாட்டில் விற்கிற ஒவ்வொரு பூச்சிமருந்து டப்பாவிலும் சாய்சதுரமாக ஒரு நிறக்குறி இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறைந்துகொண்டே வரும். கார்போபியூரான் சிவப்பு. பேப்பரில் மடித்துக் கொடுக்கும்போது அந்தக் குறியும் போய்விடுகிறது, எச்சரிக்கையும் போய்விடுகிறது. கடைக்காரர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், டப்பாவும் சீட்டும் இல்லாத மருந்தை வீட்டுக்குள் விடாதீர்கள்.

சரி, இலைக்கு வருவோம். சுருண்டது என்று எழுதியிருக்கிறீர்கள், எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. அதில்தான் எல்லாமே இருக்கிறது. இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து படகு போல நிற்கிறது என்றால் இலைப்பேன். ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, இலை ஒடுங்கி, காம்பு நீண்டு தொங்குகிறது என்றால் மஞ்சள் சிலந்திப்பேன். இலையே மிகச் சிறுத்து, செடி குட்டையாகி, நுனியில் கொத்தாக நெருங்கிக்கொண்டு நின்றால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த நச்சுயிரி நோய், அதற்கு எந்த மருந்தும் கிடையாது, செடியைப் பிடுங்கிவிட வேண்டியதுதான்.

நாளைக் காலையில் நுனிக் கொழுந்து ஒன்றை வெள்ளைக் காகிதத்தின் மேல் பிடித்துத் தட்டிப் பாருங்கள். வைக்கோல் துணுக்கு போல மெல்லிசாக, மஞ்சளாக, ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏதாவது நகர்ந்தால் இலைப்பேன். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாமல் இலை மட்டும் கீழே மடிந்திருந்தால் சிலந்திப்பேன், அதைப் பார்க்க லென்ஸ் வேண்டும்.

இரண்டுக்குமே முதல் வேலை, ரொம்பச் சுருண்ட நுனிகளைக் கிள்ளிக் கவரில் போட்டு முடிச்சுப் போடுவது. அடுத்து, தண்ணீரைக் கொஞ்சம் வேகமாக இலையின் அடிப்பக்கம் பீய்ச்சிக் கழுவுவது. அதற்குப் பிறகு வேப்ப எண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய். பலரும் எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றிக் குலுக்கித் தெளிக்கிறார்கள், எண்ணெய் மிதக்கும், முதலில் வெறும் தண்ணீர் போகும், கடைசியில் மொத்த எண்ணெயும் ஒரே செடி மேல் விழுந்து இலை கருகும். காதி சோப்பைச் சீவி, ஐந்து கிராம் அளவு எடுத்து, அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, அதில் எண்ணெயை விட்டுப் பால் மாதிரி வெளுக்கும்வரை நன்றாக அடியுங்கள். அதற்கப்புறம் மீதித் தண்ணீர். கலந்ததை அன்றைக்கே தெளித்துவிட வேண்டும். வெயில் இறங்கிய பிறகுதான் தெளிக்க வேண்டும், இரண்டு காரணம்: வேம்பின் சத்து வெயிலில் சிதைந்துவிடும், பூவுக்கு வருகிற தேனீ சாயங்காலம் திரும்பிப் போயிருக்கும். முதலில் ஒரு செடியில் இரண்டு இலைக்கு மட்டும் அடித்து, மறுநாள் பார்த்துவிட்டு மற்றதற்கு அடியுங்கள்.

தெளித்த மறுநாளே பூச்சி கொத்தாகச் செத்து விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். வேம்பில் இருக்கிற அசாடிராக்டின் பூச்சியின் பசியைக் கெடுக்கும், தோலுரித்து வளர்வதைத் தடுக்கும், மெதுவாகத்தான் வேலை செய்யும். இது தெரியாமல்தான் இரண்டாம் நாளே அளவை இரட்டிப்பாக்கிச் செடியைப் பொசுக்கிவிடுகிறார்கள். வாரம் ஒருமுறை என்று மூன்று வாரம் விடாமல் செய்யுங்கள், புதுத் துளிர் நேராக வருகிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய சுருண்ட இலை எதைச் செய்தாலும் நிமிராது.

மாவுப்பூச்சிக்கு என்னென்னவோ அடித்துப் பார்த்துவிட்டேன். செம்பருத்தியில் தொடங்கி இப்போது கத்தரிக்கும் வந்துவிட்டது. போன வாரம் முதல் இன்னும் பெரிதாக, வெள்ளையாக, பஞ்சு முடி வைத்த புழுக்கள் வேறு ஓடுகின்றன. ஒவ்வொன்றாக நசுக்கிக்கொண்டிருக்கிறேன்.
வாசகர், வேளச்சேரி

சார், நசுக்குவதை உடனே நிறுத்துங்கள். அந்த ஓடுகிற புழு உங்களுக்கு உதவிக்கு வந்ததாக இருக்க வேண்டும்.

மாவுப்பூச்சியைத் தின்று வாழ்கிற ஒரு பொறிவண்டு இருக்கிறது, கிரிப்டோலேமஸ் என்று பெயர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது, நூறு வருடத்துக்கு மேலாக நம் நாட்டில் இருக்கிறது. அதன் புழு, தான் தின்கிற மாவுப்பூச்சி மாதிரியே மேலெல்லாம் வெள்ளை மெழுகு போர்த்திக்கொண்டிருக்கும். ஒரு ஈர்க்குச்சியால் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி என்றால் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும், அசையாது, அசைந்தாலும் ஊரும், நசுங்கினால் உள்ளே பிசுபிசு என்று சாறு. இந்தப் புழு அதைப் போல மூன்று மடங்கு நீளம் வரும், மெழுகு முடி நீள நீளமாகத் தொங்கும், தொட்டால் விறுவிறு என்று ஓடும். வளர்ந்த வண்டு சின்னதாக, கருப்பு முதுகும் செம்மண் நிறத் தலையுமாக இருக்கும். இரண்டு பேரையும் ஒன்றாக நினைத்துக் கொன்றுவிட்டு, மாவுப்பூச்சி அடங்கவே இல்லை என்று மனம் நொந்துபோகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

நீங்கள் அடிக்க வேண்டிய இடம் வேறு. பையின் அடியிலிருந்து தண்டு வழியாக எறும்பு வரிசை ஏறுகிறதா என்று பாருங்கள், கட்டாயம் ஏறும். மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, பொறிவண்டை விரட்டுகிறது, குஞ்சுகளைப் பக்கத்துச் செடிக்குத் தூக்கிக்கொண்டும் போகிறது. எறும்பை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. பைகளைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், ஸ்டாண்டு இருந்தால் அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், தண்டைச் சுற்றி ஒரு துணிப்பட்டை கட்டி அதன் மேல் விளக்கெண்ணெய் தடவுங்கள். மாவுப்பூச்சி மிக நெருக்கமாக இருக்கிற கிளையை வெட்டிவிடுங்கள். மீதியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்து எடுங்கள். வண்டுப்புழு இருக்கிற கிளையில் எதையும் தெளிக்காதீர்கள், வேப்ப எண்ணெய் உட்பட.

இந்த வழி மாடிக்கு மட்டும் பொருந்துகிற சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் தென்பட்டு, கொஞ்ச நாளில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று விவசாயிகள் கதறுகிற அளவுக்குப் பரவியது. அடித்த மருந்துகள் அதன் மெழுகைத் தாண்டி உள்ளே போகவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் என்ற மிகச் சின்னக் குளவியைக் கொண்டுவந்து, வளர்த்து, வயல்களில் விட்டார்கள். அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடுகிற குளவி. வயல்வயலாக மாவுப்பூச்சி அடங்கியது அதனால்தான். இன்றைக்குச் சென்னை வீட்டுப் பப்பாளி மரங்கள் பிழைத்து நிற்பதில் அந்தக் குளவிக்கும் பங்கு இருக்கிறது.

பாத்திரம் தேய்க்கிற லிக்விட், துணி துவைக்கிற பவுடர் இதையெல்லாம் வேப்ப எண்ணெயோடு சோப்புக்குப் பதிலாகச் சேர்க்கலாமா?
வாசகி, திருவல்லிக்கேணி

துணி பவுடர் வேண்டவே வேண்டாம், அதில் உள்ள காரம் இலையின் மேல் இருக்கிற மெழுகுப் பூச்சை அரித்துவிடும், இலை ஓரம் காய்ந்துவிடும். பாத்திர லிக்விடும் ஒவ்வொரு கம்பெனிக்கு ஒவ்வொரு மாதிரி. காதி சோப்பு, இல்லாவிட்டால் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர், இரண்டும் போதும்.

புகையிலைக் கரைசல், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல், ஐந்திலைக் கரைசல், பஞ்சகவ்யா, மீன் அமிலம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதுதான் உண்மையில் வேலை செய்யும்? வேப்ப எண்ணெய்கூட வெறும் பாட்டி வைத்தியம் என்கிறான் என் மகன்.
வாசகர், கொளத்தூர்

மகனிடம் இதைச் சொல்லுங்கள். வேப்ப எண்ணெயை வைத்துப் பூஞ்சையைக் கட்டுப்படுத்துகிற முறைக்கு ஓர் அமெரிக்க நிறுவனமும் அந்த நாட்டு வேளாண் துறையும் சேர்ந்து ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். இந்தியாவில் காலங்காலமாகத் தெரிந்த விஷயம் இது என்று வழக்காடி, 2000-ல் அந்த உரிமை ரத்தானது, 2005-ல் மேல்முறையீடும் தோற்றது. வேலை செய்யாத ஒன்றுக்கு யாரும் இத்தனை வருடம் மல்லுக்கட்ட மாட்டார்கள்.

மற்றவற்றில் முதலில் ஒரு தெளிவு வேண்டும். பஞ்சகவ்யாவும் மீன் அமிலமும் செடிக்கு ஊட்டம், பூச்சிமருந்து அல்ல. கொடுமுடி டாக்டர் நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யாவை லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளித்தால் செடி நன்றாகத் தழைக்கும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் பூச்சி மொய்த்துக்கொண்டிருக்கிற செடிக்கு வாராவாரம் ஊட்டம் கொடுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? இன்னும் இளசாக, இன்னும் சாறாகத் துளிர்க்கும், அசுவினிக்குத்தான் விருந்து. பூச்சி இருக்கும்போது ஊட்டத்தை நிறுத்துங்கள்.

இஞ்சி பூண்டு பச்சைமிளகாய்க் கரைசல், நொச்சி, ஆடாதொடை, எருக்கு, வேம்பு மாதிரி இலைகளை ஊறவைத்த கரைசல், இவையெல்லாம் விரட்டிகள். வாசனையாலும் கசப்பாலும் பூச்சியை அண்டவிடாமல் செய்யும். பூச்சி வருமுன்னும், வரத் தொடங்கிய முதல் சில நாட்களிலும் பலன் உண்டு. முழுச் செடியும் மூடிப்போன பிறகு இதை அடித்துவிட்டு, இயற்கை முறை பலிக்கவில்லை என்று சொல்வது நியாயம் இல்லை. மழை பெய்தால் கழுவிப் போய்விடும், மறுபடி தெளிக்க வேண்டும்.

புகையிலையைத் தொடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. நிகோடின் கடும் விஷம், தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், கையுறை இல்லாமல் அரைத்துப் பிழிகிறவர்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வரும். நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கொல்லும். இன்னொன்று, தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் புகையிலையின் குடும்பம். காய்ந்த புகையிலையிலும் தேமல் நோய்க் கிருமி உயிரோடு இருக்கும், அது உங்கள் கை வழியாகவே தக்காளிக்குத் தாவும். இலையிலிருந்து வந்தது என்பதற்காக ஒரு பொருள் சாதுவாகிவிடாது.

இவை எல்லாவற்றையும் விட நான் பெரிதாக மதிப்பது வேப்பங்கொட்டைக் கரைசல். நம் தெருக்களில் ஆனி, ஆடியில் வேப்பம்பழம் கொட்டிக் கிடக்கும், பெருக்கித் தள்ளிவிடுகிறோம். பொறுக்கிச் சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, காற்றுப் போகிற துணிப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை நீக்கிய பருப்பு 50 கிராம், இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கலந்து சாயங்காலம் தெளித்தால் புழு, அசுவினி, வெள்ளை ஈ எல்லாவற்றுக்கும் ஆகும். அடுத்த வருடம் பழம் விழும்வரை வைத்திருக்காதீர்கள், நாள்பட்ட கொட்டையில் வீரியம் இறங்கிவிடும், பூசணம் பிடித்ததையும் சேர்க்கக் கூடாது.

கத்தரிக்காயில் எதை நறுக்கினாலும் புழு. வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கிறது. நாட்டுக் கத்தரிதான் வைத்திருக்கிறேன்.
வாசகி, தாம்பரம்

காயில் புழு வருவதற்கு முன்னால் செடி உங்களுக்குச் சொல்லிவிடும் அம்மா. நன்றாகத் தண்ணீர் ஊற்றியிருந்தும் ஒரு கிளையின் நுனி மட்டும் வாடித் தலை தொங்கும். அந்த நுனியை ஒடித்துப் பிளந்து பாருங்கள், உள்ளே வெளிர் ரோஸ் நிறத்தில் புழு இருக்கும். தண்டு, காய்த் துளைப்பான் என்பது இதுதான். ராத்திரியில் பறக்கிற வெள்ளை நிற அந்துப்பூச்சி இட்ட முட்டையிலிருந்து வருகிறது. காய் வந்த பிறகு நுனியை விட்டுவிட்டுக் காய்க்குள் நுழைந்துவிடும், நுழைந்த ஓட்டையையும் தன் கழிவால் அடைத்துவிடும், அதனால்தான் வெளியே பளபளப்பு. உள்ளே போன புழுவை எந்தத் தெளிப்பும் தொடாது, ரசாயனமே ஆனாலும் சரி. கத்தரிக்கு வயல்களில் அத்தனை முறை மருந்து அடிக்கிறார்களே, காரணம் இந்தப் புழுதான். மரபணு மாற்றிய பி.டி. கத்தரியைக் கொண்டுவரப் பார்த்ததும் இதற்காகத்தான், மத்திய அரசு அதை 2010 பிப்ரவரியில் நிறுத்திவைத்தது.

மாடியில் நமக்கு இருக்கிற வசதி, செடிகள் கைக்கு எட்டுகிற எண்ணிக்கையில் இருப்பது. தலை தொங்கிய நுனியை, வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழேயே வெட்டி எடுங்கள். புழு விழுந்த காயையும் எடுத்துவிடுங்கள். இரண்டையும் உரக்குழியில் போடக் கூடாது, கவரில் கட்டி வெயிலில் வைத்துவிட்டுத்தான் குப்பைக்கு அனுப்ப வேண்டும். செடிக்குக் கீழே உதிர்ந்த இலைகளுக்குள்தான் கூட்டுப்புழு ஒளிந்திருக்கும், தினமும் பெருக்கி எடுங்கள். அப்புறம் கொசுவலை. கத்தரிப் பூ தன் மகரந்தத்திலேயே காய்த்துக்கொள்ளும், தேனீக்காகக் காத்திருக்காது, ஆகையால் நாலு குச்சி நட்டு, நைலான் கொசுவலையைச் சுற்றிக் கட்டி, காலையில் செடியை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டால் போதும். அந்துப்பூச்சி உள்ளே வர வழியில்லை. வலை கட்டுமுன் செடியில் ஏற்கெனவே இருக்கிற தொங்கல் நுனிகளை எல்லாம் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் எதிரியை உள்ளே வைத்துப் பூட்டிய மாதிரி. இனக்கவர்ச்சிப் பொறி வாங்குகிறவர்கள் கத்தரிக்கு என்று கேட்டு வாங்க வேண்டும், ஒரு பூச்சிக்கு உள்ளது இன்னொன்றுக்கு ஆகாது.

அதே பையில் அடுத்து மறுபடியும் கத்தரியோ தக்காளியோ வைக்காதீர்கள். கீரை போடுங்கள், அவரை போடுங்கள்.

வெண்டை இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி, காயும் வெளுத்துப் பிறக்கிறது. இரும்புச் சத்துக் குறைவு என்று சத்து மருந்து ஊற்றினேன், கேட்கவில்லை.
வாசகர், அண்ணா நகர்

சத்துக் குறைவு இல்லை சார், மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்புகிற நோய். பிடித்த செடி தேறாது, பிடுங்கிவிடுங்கள், மனசு கேட்காது, இருந்தாலும் அந்த ஒரு செடி மற்ற எல்லா வெண்டைக்கும் நோயைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வெளுத்த காயைச் சாப்பிடலாமா என்றால், சாப்பிடலாம், மனிதருக்கு ஒன்றும் செய்யாது, நார் மட்டும் அதிகம்.

அடுத்த முறை விதை வாங்கும்போது பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த அர்க்கா அனாமிகா மாதிரி இந்த நோயைத் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் மூடி அல்லது அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிட்டால் வெள்ளை ஈ வந்து ஒட்டிக்கொள்ளும். இலைப்பேனுக்கு இதையே நீல நிறத்தில் வைக்க வேண்டும். மழையும் தூசியும் பட்டால் ஒட்டாது, துடைத்து மறுபடி தடவுங்கள்.

பாகற்காய், புடலங்காய் எல்லாம் பிஞ்சிலேயே மஞ்சளாகி அழுகி விழுகின்றன. உள்ளே குட்டிக் குட்டிப் புழு.
வாசகி, முகப்பேர்

பழ ஈ. பூ உதிர்ந்து பிஞ்சு விரல் நீளம் வந்ததும் பழைய செய்தித்தாளைக் குழாயாகச் சுற்றிக் கட்டிவிடுங்கள், மழைக்காலத்தில் காகிதம் நிற்காது, மெல்லிய துணிப்பை தைத்துக்கொள்ளுங்கள். விழுந்த காயை அப்படியே விட்டால் புழு மண்ணுக்குள் இறங்கி ஈயாக வெளியே வரும், அதனால் அன்றாடம் பொறுக்கி, ஒரு வாளித் தண்ணீரில் மூழ்கவைத்து அப்புறம் எறியுங்கள். பொறி வைப்பதானால் கொடிக்காய்களுக்குக் கியூலூர் என்கிற, ஈயை இழுக்கிற மருந்து வேண்டும். மாம்பழ ஈக்கு வைக்கிற மெத்தில் யூஜினாலைக் கடையில் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள், கேட்டு வாங்குங்கள்.

மழை தொடங்கினால் உள்ளங்கை அகல நத்தைகள் காம்பவுண்டு சுவர் ஏறி வந்து கீரையை மொட்டையடித்துவிடுகின்றன. உப்புப் போட்டால் சாகிறது. செடிக்கு உப்பு ஆகுமா?
வாசகர், மடிப்பாக்கம்

ஆகாது. உப்பு மண்ணில் இறங்கினால் வேர் தண்ணீர் எடுக்க முடியாமல் போகும். இது ஆப்பிரிக்க ராட்சத நத்தை, 1847-ல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு ஒருவர் கொண்டுவந்து விட்டதிலிருந்து நாடு முழுக்கப் பரவியது. ராத்திரியில்தான் மேயும். ஈரச் சாக்கை மடித்து, உள்ளே பப்பாளித் தோல் அல்லது முட்டைக்கோஸ் இலை வைத்து, சாயங்காலம் சுவரோரமாகப் போட்டுவிடுங்கள், விடியற்காலையில் எல்லாம் அதற்குள் அடைந்திருக்கும். கையுறை போட்டுக்கொண்டுதான் எடுக்க வேண்டும், இதன் உடம்பில் இருக்கிற ஒட்டுண்ணிப் புழு மனிதருக்கு மூளைக்காய்ச்சல் வரைக்கும் கொண்டுபோகும். பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். எடுத்ததை வாளியில் உப்புத் தண்ணீரில் போடுங்கள், உப்பு வாளிக்குள் மட்டும் இருக்கட்டும். பையின் மண்ணைக் கிளறும்போது பட்டாணி அளவில் வெளிர் மஞ்சள் முட்டைகள் கொத்தாகக் கிடைத்தால் அதையும் எடுங்கள். கீரையை நாலு தண்ணீரில் அலசி, சமைத்துச் சாப்பிடுங்கள், அந்த மாடிக் கீரையைப் பச்சையாக வேண்டாம். கடையில் கிடைக்கிற நத்தை மருந்து உருண்டை நாய், பூனை தின்றால் உயிரை எடுத்துவிடும், தெருநாய்க்குச் சோறு வைக்கிற வீடுகளில் அதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

இலை நுனியெல்லாம் காய்ந்து பழுப்பாகிறது, எந்தப் பூச்சியும் கண்ணில் படவில்லை. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். ஆர்.ஓ.விலிருந்து வெளியேறுகிற தண்ணீரையும் வீணாக்காமல் செடிக்கே விடுகிறோம்.
வாசகி, திருவான்மியூர்

பூச்சி இல்லவே இல்லை, உப்பு. கடலோரப் போர் தண்ணீரிலேயே உப்பு தூக்கல், ஆர்.ஓ. அதை இன்னும் திரட்டித்தான் வெளியே தள்ளுகிறது. அந்தத் தண்ணீரை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். பையின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள், அதுதான் சாட்சி. அடியில் ஓட்டை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, வருகிற மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, பையிலிருந்து நன்றாக வழிந்து ஓடுகிற அளவுக்கு ஒருமுறை ஊற்றினால் உப்பு கீழே இறங்கும். ஏ.சி. தண்ணீர் உப்பில்லாதது, தாராளமாக ஊற்றலாம். பைகளுக்குக் கீழே தட்டு வைத்திருந்தால் அதில் தண்ணீர் தேங்காமல் வாரம் ஒருமுறை கவிழ்த்துத் துடைத்துவிடுங்கள், டெங்கு கொசு இந்தச் சின்னத் தட்டில்தான் பெருகும், மாநகராட்சிப் பணியாளர்கள் வந்து பார்ப்பதும் அதைத்தான்.

ஆடிப்பட்டத்தைத் தவறவிட்டுவிட்டேன். தோட்டக்கலைத் துறையில் மானிய விலையில் வாங்கிய மாடித்தோட்டத் தளை (கிட்) அப்படியே பிரிக்காமல் இருக்கிறது. புரட்டாசியில் தொடங்கலாமா, தை வரைக்கும் காத்திருக்கட்டுமா?
வாசகர், குரோம்பேட்டை

காத்திருக்க வேண்டாம் தம்பி, ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்துவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. சென்னைக்கு வருடத்தில் கிடைக்கிற மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டும். கீரை விதையை அந்த அடிக்குக் கீழே போட்டால் முளைக்கும் முன்னே அடித்துக்கொண்டு போய்விடும். இப்போது அவரை போடலாம், கொடி ஏற ஒரு கயிறு கட்டிவிடுங்கள். மிளகாய், தக்காளி, கத்தரிக்கு நாற்று மட்டும் விடுங்கள், கூரை நிழலில், மழை நேரடியாகப் படாமல். முள்ளங்கி, கீரையை மார்கழிப் பக்கம் தள்ளிவையுங்கள். பாகல், புடலை, வெண்டை தையில்.

தளையைப் பிரித்ததும் முதலில் டிரைக்கோடெர்மா விரிடி பாக்கெட்டில் தேதியைப் பாருங்கள். அது உயிருள்ள நன்மைப் பூஞ்சை, தேதி கடந்தால் வெறும் பொடி. நாற்றழுகல் வராமல் காப்பது அதுதான், அதை மட்டும் வேண்டுமானால் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். தென்னைநார்க் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, அந்தப் பழுப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை அலசுங்கள், அதிலும் உப்பு இருக்கும். பிறகு நார்க்கழிவு ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரமோ நன்றாக மட்கிய தொழுவுரமோ ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. தொழுவுரத்தைச் சலித்துப் போடுங்கள், உள்ளே கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தால் பொறுக்கி எடுத்துக் காக்காய்க்குப் போட்டுவிடுங்கள். டிரைக்கோடெர்மாவை ஈரமான மண்புழு உரத்தில் கலந்து ஒரு வாரம் நிழலில் மூடிவைத்து, அதற்கப்புறம் பையில் சேருங்கள். பையை முழுக்க நிரப்பாமல் மேலே மூன்று விரல் இடம் விடுங்கள், அடைமழையில் மண் வெளியே தெறிக்காது. மழைக்கு முன்னால் அடி ஓட்டைகள் திறந்திருக்கின்றனவா என்று ஒரு குச்சியை விட்டுப் பார்த்துவிடுங்கள்.